வீணைக்கு மேளம் எதற்கு? பெருங்குடி பாட்டியும் ஒரு பெயர்ப் பட்டியலும்!

வீணைக்குள் ஒரு குதிரை இருக்கிறது. ஒரு யாளி, ஒரு நாகம், ஒரு குடம், ஒரு சுரைக்காய், ஏன்... ஒரு மேரு மலைகூட இருக்கிறது.

சரஸ்வதி படத்தில் சின்ன வயதிலிருந்து பார்க்கும் வாத்தியம்தான். ஆனால், அதன் உறுப்புகளுக்குப் பெயர் சொல்லச் சொன்னால் பலரும் ‘தந்தி’ என்ற ஒரே சொல்லோடு நின்றுவிடுவார்கள். மீதியெல்லாம் வாசிப்பவருக்கும், செய்கிற ஆசாரிக்கும் மட்டுமே தெரிந்த சொற்கள். அந்தச் சொற்கள் தெரியாததால், சென்னை பெருங்குடியில் ஒரு வீட்டின் வீணை கிட்டத்தட்ட ஷோகேஸ் பொம்மையாகப் போகவிருந்தது.

பரணில் இருந்த பாட்டி வீணை

பெருங்குடியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. இரண்டு பெட்ரூம் வீடு. அப்பா, அம்மா, ஓ.எம்.ஆரில் சாஃப்ட்வேர் டெஸ்ட்டிங் வேலை பார்க்கும் 25 வயது மகள், தஞ்சாவூரிலிருந்து வந்து தங்கிவிட்ட 76 வயதுப் பாட்டி. பாட்டியோடு வந்து சேர்ந்தது அவருடைய வீணை. பழைய ஜமுக்காளம் சுற்றிப் பரணில் ஏற்றி, பதினோரு வருடங்கள் ஆகிவிட்டன.

‘வாசிக்க ஆள் இல்லை, வைக்க இடமும் இல்லை, வித்துடலாம்’ என்றார் அப்பா. அதில் தப்பும் இல்லை. பேத்திதான் போனில் விற்பனை விளம்பரம் போட உட்கார்ந்தாள். அவள் கிட்டார் வாசிப்பவள். அந்தப் படிவம் கேட்ட முதல் கேள்வி, ‘பொருளின் நிலை என்ன?’

பாட்டியிடம் கேட்டாள்.

“எல்லாம் நல்லாதாம்மா இருக்கு. மேளம் மட்டும் கட்டணும்.”

“வீணைக்கு எதுக்குப் பாட்டி மேளம்?”

பாட்டி சிரித்த சிரிப்பில் அடுக்களையில் இருந்த அம்மாவே எட்டிப் பார்த்தார்.

நாகஸ்வரத்தோடு வாசிக்கிற மேளம் வேறு. வீணையில் ‘மேளம் கட்டுவது’ என்றால், 24 மெட்டுகளையும் மெழுகில் பதித்து, ஒவ்வொன்றையும் அதனதன் சுரம் பேசும் இடத்தில் நிறுத்துவது. மெட்டு என்பது கிட்டாரில் ‘ஃபிரெட்’.

வேலை ஒன்று, செய்முறை வேறு

பேத்திக்கு ஃபிரெட் தெரியும். ஆனால், தன் கிட்டாரில் இருப்பதும் பாட்டி வீணையில் இருப்பதும் ஒன்றில்லை என்பது ஜமுக்காளத்தைப் பிரித்த பிறகுதான் தெரிந்தது.

கிட்டாரில் கம்பி போன்ற மெல்லிய உலோகத்தை, மரத்தில் அறுத்த கீற்றுக்குள் அடித்து இறக்கிவிடுகிறார்கள். ஒவ்வொரு ஃபிரெட்டும் எங்கே வரவேண்டும் என்பது கணக்கு. ஃபேக்டரியில் முடிவான இடம். அதற்குப் பிறகு நகராது.

வீணையில் தண்டியின் மேல் நீளவாக்கில் இரண்டு மெழுகு வரப்புகள் எழுப்புகிறார்கள். தேன்மெழுகோடு கரித்தூளும் குங்கிலியமும் சேர்த்துக் காய்ச்சிய கறுப்பு மெழுகு. அந்த இரண்டு வரப்புகளின் மேல், தண்டவாளத்துக்குக் குறுக்கே கட்டை போட்டதுபோல் மெட்டுகள் உட்காருகின்றன. ஒவ்வொன்றும் எங்கே உட்கார வேண்டும் என்று சொல்வது காது. மெழுகு இளகியிருக்கும்போது மெட்டை ஒரு நூலிழை முன்னே தள்ளலாம், பின்னே இழுக்கலாம், அழுத்தி உயரத்தைக் குறைக்கலாம்.

ஏன் இவ்வளவு உயரம்? வீணை வாசிப்பவர் தந்தியை மெட்டின் மேலேயே பக்கவாட்டில் இழுத்து, ஒரே மெட்டில் அடுத்தடுத்த சுரங்களைத் தொடுகிறார். கமகம் பிறப்பது அப்படித்தான். மெட்டு தாழ்வாக இருந்தால் விரல் மரத்தில் உரசும்.

இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. மெழுகு வெயிலில் இளகும், வயதானால் இறுகி வெடிக்கும். பரணில் பதினோரு கோடைகளைப் பார்த்த வீணையில் சில மெட்டுகள் சாய்ந்திருந்தன, இரண்டு கழன்றே வந்துவிட்டன. பார்த்ததும் ‘உடைஞ்சு போச்சு’ என்று விளம்பரத்தில் டைப் செய்திருந்தாள் பேத்தி. ‘மேளம் கட்டணும்’ என்ற இரண்டு சொற்கள் தெரிந்தால், அது உடைசல் இல்லை. சில வருடங்களுக்கு ஒருமுறை செய்யவேண்டிய பராமரிப்பு.

அன்றைக்குத்தான் போனில் ஒரு பட்டியல் எழுதத் தொடங்கினாள். பாட்டி ஒவ்வோர் இடமாகத் தொட்டுக் காட்ட, பக்கத்தில் கிட்டார் பெயர். ‘நட்’ என்பது மேரு. ‘நெக்’ என்பது தண்டி. ‘டியூனிங் பெக்’ என்பது பிரடை. கிட்டாரில் பல்சக்கரம் வைத்த சாவி. வீணையில் துளைக்குள் இறுக்கமாக நிற்கும் மரக்கட்டை. பிடிமானம் தவிர வேறு பூட்டு இல்லை. வழுக்கினால் சாக்பீஸ் தூள் தடவுவார்கள். 

வலது பக்கம் கிடக்கும் குடம்தான் ‘பாடி’. இடது கோடியில் வளைந்து கீழே பார்க்கும் தலை, யாளி. யாளிக்குச் சற்று முன்னால் தண்டியின் அடியில் தொங்கும் உருண்டை, சுரைக்காய். ஒருகாலத்தில் நிஜமான காய்ந்த சுரைக்குடுக்கை. இப்போது காகிதக்கூழிலோ ஃபைபரிலோ செய்கிறார்கள், பெயர் மட்டும் இன்னும் சுரைக்காய்.

கிட்டாரில் ஈடே இல்லாத உறுப்பும் உண்டு. தண்டியின் பக்கவாட்டில் ஓடும் மூன்று தாளத் தந்திகள். மெட்டுகளின் மேல் ஓடும் நான்கு தந்திகளில் பாட்டு. இந்த மூன்றில் தாளம்.

உலகம் முழுக்க ஒரு குதிரை

பட்டியலில் பேத்தியை ரொம்பவே யோசிக்க வைத்தது குதிரை. குடத்தின் பலகைமேல் நின்று தந்திகளைத் தாங்கும் உறுப்பு. ஆங்கிலத்தில் ‘பிரிட்ஜ்’, அதாவது பாலம். இத்தாலியர்களுக்கும் அது குட்டிப் பாலம். ஆனால், பிரெஞ்சுக்காரர்கள் ‘ஷெவலே’ என்கிறார்கள், குட்டிக் குதிரை. சீனர்களின் எர்ஹு வாத்தியத்திலும் குதிரைதான். பாரசீக மொழியில் ‘கரக்’, குட்டிக் கழுதை! முதுகில் சுமப்பதைப் பார்த்தவர்கள் விலங்கின் பெயர் வைத்தார்கள், இரண்டு பக்கம் இணைப்பதைப் பார்த்தவர்கள் பாலம் என்றார்கள்.

பெயர் ஒன்றானாலும் உருவம் வேறு. வயலின் குதிரை மெல்லிய மரத்துண்டு. மேல் விளிம்பு வளைவாக இருக்கும். அப்போதுதான் வில் ஒரு தந்தியை மட்டும் தனியாகத் தொட முடியும். வீணைக் குதிரையின் முதுகு அகலம். அதன்மேல் ஓர் உலோகத் தகடு. அந்தத் தகட்டுக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய வளைவு உண்டு. தந்தி அதிரும்போது ஒரே புள்ளியில் நிற்காமல், அந்த வளைவைத் தொட்டுத் தொட்டு எழுகிறது. வீணையின் அந்த ரீங்காரம் அங்கிருந்து வருகிறது.

இதைக் கவனித்தவர்களில் ஒருவர் சி.வி.ராமன். ஒளிச்சிதறலுக்காக 1930-ல் நோபல் பரிசு வாங்குவதற்கு முன்பே, 1921-ல் வீணை, தம்புரா இரண்டின் குதிரைகளைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார். தந்தியை எந்த இடத்தில் மீட்டினால் எந்த மேல் ஒலிகள் எழக்கூடாது என்று ஐரோப்பிய விதி ஒன்று இருந்தது. இந்தக் குதிரைகளின்மேல் ஓடும் தந்திகள் அந்த விதிக்குக் கட்டுப்படவில்லை என்று காட்டினார்.

தம்புராவில் இன்னும் ஒரு படி மேலே போய், குதிரைக்கும் தந்திக்கும் நடுவே ஒரு நூலைச் செருகி, ரீங்காரம் மலரும் இடத்தைத் தேடுகிறார்கள். அந்த நூலின் பெயர் ஜீவாளி. ஜீவன் தருவது. வயலினுக்குள் மேல்பலகைக்கும் முதுகுப்பலகைக்கும் நடுவே ஒரு சின்ன மரக்குச்சி நிற்கும். ஆங்கிலத்தில் அது வெறும் ‘சவுண்ட் போஸ்ட்’. பிரெஞ்சிலும் இத்தாலியனிலும் அதற்கு ‘ஆன்மா’ என்று பெயர். குச்சி விழுந்தால் வயலினின் குரல் போய்விடும். எங்கோ ஒருவர் ஆன்மா என்கிறார், இங்கே ஒருவர் ஜீவன் என்கிறார். அந்த இடத்தில் கை வைக்கும்போது ஜாக்கிரதை என்ற எச்சரிக்கையும் பெயருக்குள்ளேயே இருக்கிறது.

ஏகாந்தமா, ஒட்டா?

விளம்பரத்தைப் பார்த்து இரண்டு பேர் கூப்பிட்டார்கள். முதலாவது, வீணை கற்றுக்கொள்ளும் மகளுக்காகத் தேடும் ஒரு அம்மா. அவருடைய முதல் கேள்வி, “ஏகாந்த வீணையா, ஒட்டு வீணையா?”

குடம், தண்டி, யாளி மூன்றையும் ஒரே மரத்தில் குடைந்தால் ஏகாந்த வீணை. தனித்தனியாகச் செய்து இணைத்தால் ஒட்டு வீணை. இரண்டுக்கும் தஞ்சாவூர் ஆசாரிகள் நாடுவது பலா மரம், குறிப்பாகப் பண்ருட்டிப் பக்கத்துப் பலா. ஒரே துண்டாக, வெடிப்பில்லாமல், அவ்வளவு நீளத்துக்கும் குடத்தின் அகலத்துக்கும் மரம் கிடைப்பது கஷ்டம். குடைந்து எறியும் மரமும் அதிகம். அதனால் ஏகாந்தத்துக்கு விலை கூடுதல். தஞ்சாவூர் வீணை 2013-ல் புவிசார் குறியீடு பெற்றது. ஆந்திராவின் பொப்பிலி வீணைக்கும் அந்தக் குறியீடு உண்டு. அது ஒரே பலாக்கட்டையில் குடைவதற்குப் பேர்போனது.

பேத்தி பாட்டியைப் பார்த்தாள். பாட்டி, குடமும் தண்டியும் சேரும் இடத்தில் சுற்றியிருந்த பூவேலைப் பட்டையைத் தடவினார். “ஒட்டுதான். அதை மறைக்கத்தான் இந்தப் பட்டை. எங்கப்பா ஏகாந்தம் வாங்கித் தரேன்னுதான் ஆசாரிகிட்டப் போனார். எனக்குக் கீழே ரெண்டு தங்கச்சிங்க. நான்தான் ஒட்டே போதும்னு சொன்னேன்.”

ஐம்பது வருடத்துக்கு மேல் அந்த வீட்டில் யாருக்கும் தெரியாத விஷயம். பேத்தியின் அம்மாவுக்கும் தெரியாது. அந்த ஒரு சொல்லைக் கேட்டிருக்காவிட்டால் இனியும் தெரிந்திருக்காது.

இரண்டாவதாகக் கூப்பிட்டவர் இன்டீரியர் டெகரேட்டர். ஒரு ரெஸ்டாரன்ட் வரவேற்பறைக்குக் கேட்டார். நல்ல விலை சொன்னார். ஒரே நிபந்தனை. “தந்தி, அந்தக் கறுப்பு மெழுகு எல்லாத்தையும் சுரண்டி எடுத்துட்டு, பாலீஷ் போட்டுக் கொடுத்துடுங்க. பளிச்சுனு இருக்கணும்.”

அப்பாவுக்கு அது நல்ல யோசனையாகப்பட்டது. பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. அன்று இரவு சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

யாழ் போனது, சொல் நின்றது

வாத்தியங்கள் காணாமல் போவது தமிழுக்குப் புதிதில்லை. பெரிய உதாரணம் யாழ்.

யாழுக்கு மெட்டு கிடையாது. வில்போல் வளைந்த கொம்பிலிருந்து குடத்துக்கு நரம்புகள் கட்டியிருக்கும். ஒரு நரம்புக்கு ஒரு சுரம். இருபத்தோரு சுரம் வேண்டுமென்றால் இருபத்தோரு நரம்பு. பேரியாழுக்கு 21, செங்கோட்டியாழுக்கு 7 என்று கணக்கே உண்டு. வீணையில் ஒரே தந்தி, 24 மெட்டுகளின் தயவில் இரண்டு ஸ்தாயி பேசிவிடுகிறது. இரண்டும் தந்தி வாத்தியம்தான், கட்டுமானம் முற்றிலும் வேறு. அதனால் சொற்களும் வேறு. வீணையின் குடம், யாழில் பத்தர். தண்டிக்குப் பதில் கோடு, அதாவது கொம்பு. தந்திக்குப் பதில் நரம்பு. நரம்புகளைக் கோட்டில் இழுத்துக் கட்டி, சுருதி கூட்டும் வார்க்கட்டுக்குத் திவவு என்று பெயர்.

‘தந்தி’ என்ற சொல்லின் பயணமும் சுவாரசியம். உலோகக் கம்பி வழியாகச் செய்தி வந்தபோது, அந்தச் செய்திக்கே தந்தி என்று பெயர் வைத்தோம். 1942-ல் ஒரு நாளிதழுக்கே அது பெயரானது. 2013-ல் நாட்டில் தந்தி சேவை நின்றுபோனது. வீணைத் தந்தி இன்னும் இருக்கிறது.

யாழ் வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. ஆனால், பத்துப்பாட்டிலும் சிலப்பதிகாரத்திலும் அவற்றின் உரைகளிலும் அதன் உறுப்புப் பெயர்கள் தங்கிவிட்டன. மட்டக்களப்புப் பக்கம் காரைதீவில் 1892-ல் பிறந்த சுவாமி விபுலாநந்தர், அந்தச் சொற்களையும் கணக்குகளையும் வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் ஆராய்ந்து, ‘யாழ் நூல்’ எழுதினார். 1947-ல் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேற்றம். அடுத்த மாதமே அவர் காலமானார். இன்று சென்னையில் இளைஞர்கள் யாழைத் திரும்பச் செய்து வாசிக்கிறார்கள் என்றால், பத்தரும் கோடும் திவவும் சொல்லாகப் பிழைத்திருந்ததும் ஒரு காரணம்.

அங்கே வாத்தியம் போய், சொல் மிஞ்சியது. பெருங்குடி வீட்டில் நிலைமை தலைகீழ். வாத்தியம் கூடத்தில் கிடக்கிறது. சொற்கள் 76 வயதில் ஒருவரிடம் மட்டும் இருக்கின்றன.

பேத்தி மறுநாள் காலை விளம்பரத்தை எடுத்துவிட்டாள். அப்பாவிடம் சண்டை போடவில்லை. “மேளம் கட்டுற செலவு என்னோடது. என் ரூம்ல வெச்சுக்கறேன்” என்றாள். அவ்வளவுதான். அப்பா தோளைக் குலுக்கிவிட்டு, “கிட்டாரும் அங்கேதானே இருக்கு, நீ எங்கே படுப்பே?” என்றார்.

ஆப் ஒன்று சொன்னது, காது ஒன்று சொன்னது

திருமயிலை ஸ்டேஷனில் பறக்கும் ரயில் ஏறி, பெருங்குடியில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து வந்தார் ஆசாரி. தோளில் ஒரு பை. அதற்குள் மெழுகு உருண்டை, சின்ன ஸ்டவ், கத்திகள், அரம். கூடத்தில் செய்தித்தாள் விரித்து வீணையைக் கிடத்தினார்.

குதிரைக்கு அப்பால் தந்திகள் முடியும் இடத்தில் பாசிமணி மாதிரி உலோக வளையங்கள் இருந்தன. அதன் பெயர் பாட்டிக்கு மறந்துவிட்டது. “நுனி நாக்குல நிக்குது, வரமாட்டேங்குது” என்று தவித்தார்.

“லங்கர்ம்மா” என்றார் ஆசாரி. “பிரடையைத் திருகுனா சுருதி ஓடும். இதை நகர்த்துனா நடக்கும். தந்தியைப் பிடிச்சு வெச்சிருக்குதே, அந்த இடம் நாகபாசம். எழுதிக்க பாப்பா.”

பழைய மெழுகு முழுக்கக் கழித்து, புது மெழுகு ஏற்றினார். முதலில் 12-வது மெட்டு. அங்கே மேல் சட்ஜமம் பேசவேண்டும். பிறகு 7-வது, பஞ்சமம். இந்த இரண்டும் நின்றால்தான் மற்றவை நிற்கும். கிட்டாரிலும் 12, 7 இரண்டும் அதே வேலை செய்வதைப் பார்த்துப் பேத்திக்குச் சந்தோஷம்.

தகராறு வந்தது 4-வது மெட்டில். அந்தர காந்தாரம். ஆசாரி மெட்டை நிறுத்தினார். பேத்தி போனில் டியூனர் ஆப்பைக் காட்டினாள். சிவப்பு. 14 சென்ட் குறைவு என்றது. ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவில் 100 சென்ட் என்று பிரிக்கும் கணக்கு அது. “கொஞ்சம் ஏத்துங்க ஐயா.”

ஏற்றினார். ஆப் பச்சைக்கு வந்தது. பாட்டியின் முகம் சுருங்கியது. “வேணாம், பழைய இடத்துக்கே போகட்டும். இப்போ குத்துது.”

ஆப் பொய் சொல்லவில்லை, பாட்டியும் பொய் சொல்லவில்லை. கிட்டார் போன்ற வாத்தியங்களில் ஸ்தாயியை 12 சம பாகமாகப் பிரித்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் இந்தக் காந்தாரம் 400 சென்ட். தம்புராவின் மந்தர சட்ஜமத்தை மீட்டிவிட்டுக் கூர்ந்து கேட்டால், அதற்குள்ளேயே ஒரு காந்தாரம் மெல்ல ஒலிக்கும். அது 386 சென்ட். ஐந்து வயதிலிருந்து தம்புரா கேட்டு வளர்ந்த காது தேடுவது அந்த இடத்தை. ஆணி அடித்ததுபோல் ஃபிரெட் இறக்கிய கிட்டாரில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. மெழுகில் இடமுண்டு.

ஆசாரி மெட்டைப் பழைய இடத்துக்கே நகர்த்தினார். பேத்தி ஆப்பை மூடிவிட்டாள்.

மாலை நான்கு மணிக்குக் கடைசி மெட்டுகளுக்கு வந்தார்கள். 19-க்கு மேல் இடைவெளி விரல் அகலம்கூட இல்லை. பாட்டி குடத்தோடு காதை ஒட்டிவைத்துக் கேட்டார். மறுபடி கேட்டார். பிறகு நிமிர்ந்து, “எனக்கு இங்கே நிச்சயமாத் தெரியலை. நீ கேளு” என்று பேத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

அவள் கீழ் ஸ்தாயியின் சுரத்தை மீட்டி, மேலே அதன் ஜோடியை மீட்டி, “கொஞ்சம் கீழே... போதும்” என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஆறு மெட்டுகள். ஒன்றில் ஆசாரி தலையாட்டி மறுத்தார். மறுபடி கேட்டாள், அவர் சொன்னதுதான் சரி.

இப்போது வாரத்தில் மூன்று நாள் ஆபீஸ் முடிந்து வந்ததும் சரளி வரிசை நடக்கிறது. கிட்டார் பழக்கத்தில் மோதிர விரல் தானாகத் தந்திக்குப் போகும். வீணையில் இடது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும்தான் வாசிக்கும். பாட்டி அந்த மோதிர விரலில் ஒன்று வைப்பார்.

போனில் இருக்கும் பட்டியலில் இதுவரை பதினேழு சொற்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே பாட்டி தொட்டுக் காட்டும் போட்டோவும், பாட்டி குரலில் அந்தப் பெயரும். கடைசியில் ஆசாரியின் போன் நம்பர், அதன் கீழே ஒரு குறிப்பு. ‘மெட்டு சாய்ந்தால் பயப்பட வேண்டாம். மேளம் கட்டச் சொல்லவும்.’